கரண்ட் வந்ததும் தானாக ஓடணும்

கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுக்கிற தொழிலில் கண்ணுக்குத் தெரிகிற வேலைக்குப் பேர் கிடைக்கும், கண்ணுக்குத் தெரியாத வேலைக்குத் திட்டு கிடைக்கும். ஸ்க்ரூ முடுக்கினால் "அடேங்கப்பா, என்ன வேகம்!" என்பார்கள். அதற்கு முன்னால் அரை மணி நேரம் அம்புக்குறி பட்டனை மேலும் கீழும் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், "என்னம்மா, வேலை தெரியுமா தெரியாதா?" என்று கேட்பார்கள். இந்தத் தொழிலில் இருக்கிற என் சக பாவிகளே, நீங்களும் இதைக் கேட்டுப் பல்லைக் கடித்திருப்பீர்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ரெண்டு வரி சொல்லிவிடுகிறேன். பவர் பட்டனை அமுக்கிய கையோடு டெலீட் பட்டனைத் தட்டினால், விண்டோஸ் எழுந்திருப்பதற்கு முன்னால் ஒரு செட்டிங் பக்கம் வரும். அதற்கு பயாஸ் என்று பெயர். ஃபேன் எவ்வளவு சத்தம் போடலாம், எந்த டிஸ்க்கிலிருந்து எழுந்திருக்கணும், கரண்ட் போய் வந்தால் மிஷின் என்ன செய்யணும், எல்லாம் அங்கேதான் வைக்கணும். ஹாலில் டிவிக்குக் கீழே போய் உட்காரப் போகிற கம்ப்யூட்டர் என்றால், பெட்டிக்குள் பூட்டுவதற்கு முன்பே இதையெல்லாம் ஒழுங்கு பண்ணிவிடணும். திருவாரூரில் ஒரு மாடிக் கடையில் இருபது வருஷமாக நான் செய்கிற வேலை இது. அதில் ஒரே ஒரு செட்டிங்கை நான் வைத்த விதமும் அதனால் ஒரு வீட்டில் நடந்ததும்தான் இங்கே எழுதியிருக்கிறேன். சிரிக்கலாம் என்று நினைத்து உட்காராதீர்கள்.

சார் எங்கம்மா?

கலியபெருமாள் ஐயா கடைக்குள் நுழைந்ததும் கேட்ட முதல் கேள்வி இதுதான். வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்கிற கேள்வி என்பதால் எனக்குக் கோபம்கூட வருவதில்லை. "நான்தாங்க ஐயா அந்த சார், உட்காருங்க" என்றேன். கொரடாச்சேரிப் பக்கம் ஒரு கிராமம், ரெண்டு வேலி நிலத்தில் சாகுபடி, அறுபத்தஞ்சு வயசு. கையில் மஞ்சப்பை. சிங்கப்பூரில் வேலை பார்க்கிற மகன் செந்தில் போனில் வீடியோவில் இருந்தான். "அக்கா, பெரிய டிவி, நல்ல ஸ்பீக்கர், அதுக்கு ஏத்த கம்ப்யூட்டர். அப்பா சொல்றதை அப்படியே செஞ்சு குடுங்க" என்றான்.

ஐயா சொன்னது இவ்வளவுதான். அவர் சம்சாரம் வசந்தா அம்மாளுக்குப் பக்கவாதம் வந்து பத்து மாசம். வலது பக்கமும் பேச்சும் போய்விட்டது. தஞ்சாவூரில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா, "அவங்க குரலையே அவங்க காதுல தினம் விழ வைங்க, கூடச் சேர்ந்து சொல்லிப் பார்ப்பாங்க" என்று சொல்லியிருக்கிறார். மகள் கவிதாவின் கல்யாண சி.டி.யில் அந்தம்மாள் குரல் இருக்கிறது. வேறு எங்கேயும் இல்லை. மஞ்சப்பைக்குள் துண்டில் சுற்றி அந்த சி.டி.யைக் கொண்டுவந்திருந்தார். "அவ திரும்பப் பேசணும்மா, அதுக்குத்தான் இது எல்லாம்" என்றார்.

மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டி மேலேயே வைத்து, வயரைச் செருகி, டெலீட்டைத் தட்டி பயாஸைத் திறந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கப் போகிற மிஷின் என்பதால் ஃபேனை சத்தமில்லாமல் சுற்ற வைத்தேன். ஐயா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இன்னும் ஒன்றையும் பூட்டவில்லையே என்றார். இதெல்லாம் சரி பண்ணிவிட்டுத்தான் பூட்டணும் என்று விளக்கினேன். அவருக்குப் பட்டென்று பிடிபட்டுவிட்டது. "அப்ப நடவுக்கு முன்னாடி பரம்படிக்கிறீங்கன்னு சொல்லுங்க. அடிங்க அடிங்க, மேடு பள்ளம் விட்டா பின்னாடி நமக்குத்தான் வம்பு."

மோட்டாருக்கு இருக்கிற புத்தி

பயாஸில் கரண்ட் சம்பந்தமாக ஒரு வரி உண்டு. கரண்ட் போய்த் திரும்ப வந்தால் மிஷின் என்ன செய்யணும்? மூன்று வழி. ஒன்று, அணைந்தே கிடக்கும். ரெண்டு, எப்படி இருந்தாலும் தானாக ஓட ஆரம்பிக்கும். மூன்று, கரண்ட் போவதற்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தால் ஓடும், அணைத்து வைத்திருந்தால் அணைந்தே இருக்கும். வீட்டுக்கு மூன்றாவதுதான் நல்லது என்று நான் சொன்னேன். சொன்னேன் என்பதை இங்கே எழுதி வைத்துக்கொள்கிறேன்.

ஐயா ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் வயலுக்குப் போனால் வெயில் ஏறித்தான் வருவார். குளிப்பாட்டி விடுகிற பொம்பளை வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். நடுவில் கரண்ட் ஒரு நாளைக்கு எத்தனை தடவை போய் வரும் என்று எங்கள் பக்கத்தில் யாரும் எண்ணுவதில்லை. அந்தம்மாளால் ரிமோட்டைப் பிடிக்க முடியாது. "நம்ம போர் மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருக்கேன். த்ரீ ஃபேஸ் எப்ப வந்தாலும் நான் இருக்கேனா இல்லையான்னு பார்க்காது, தண்ணி இறைக்கும். இதுவும் அப்படி ஓடணும்" என்றார். ஓடினால் மட்டும் போதாதாம், அந்த சி.டி. படமும் தானாகவே வரணுமாம்.

"ஐயா, யாராவது வேணும்னே அணைச்சு வெச்சிருந்தாலும் இது எழுந்துக்கும், தொந்தரவா இருக்கும்" என்று இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்தேன். யு.பி.எஸ். வைக்கலாம் என்றதற்கு, அது கரண்ட் போகும்போதெல்லாம் கீச் கீச்சென்று கத்தும், அவள் பயந்துக்குவாள் என்றுவிட்டார். கடைசியில் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார். "ஏம்மா, அஞ்சு குதிரை மோட்டாருக்கு இருக்கிற புத்தி உன் கம்ப்யூட்டருக்கு இல்லையா?"

ரோஷம் வந்துவிட்டது. ரெண்டாவதை வைத்தேன்.

தொண்டை கட்டிக்கும்

ஆடி மாசம் அவர் வீட்டு ஹாலில் எல்லாவற்றையும் மாட்டினேன். ஒரு பக்கச் சுவரோரம் வசந்தா அம்மாளின் கட்டில், எதிரே டிவி, அதற்குக் கீழே அலமாரியில் கம்ப்யூட்டர். மூன்று மணி நேரக் கல்யாணப் படம் முழுக்க மேளச் சத்தமும் பாட்டும்தான். அந்தம்மாள் பேசுகிற இடம் ஒன்றே ஒன்று. மண்டப வாசலில் நின்று வருகிறவர்களைக் கூப்பிடுகிறார். அந்த ரெண்டு நிமிஷத்தை மட்டும் வெட்டி எடுத்து, மிஷின் எழுந்ததும் அதுவே திரும்பத் திரும்ப ஓடும்படி செய்தேன். டிவியும் கரண்ட் வந்தால் தானாக எரியும்படி அதன் மெனுவில் வைத்தேன்.

மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டார் ஐயா. மோட்டாரை அப்படித்தானே சோதித்துப் பார்ப்பார்கள். ஒரு சின்ன பீப் சத்தம், ஒரு நிமிஷம் போல இடைவெளி, அப்புறம் அரக்குப் பட்டுப்புடவையில் வசந்தா அம்மாள் வந்தார். "வாங்க வாங்க, வெயில்ல வந்திருக்கீங்க, உள்ள வாங்க. ஏன் நிக்கிறீங்க, பந்தி போட்டாச்சு. சாப்பிட்டுட்டுத்தான் போகணும், ஆமாம். சொல்லாம கொள்ளாம யாரும் ஓடிடக் கூடாது." கணீரென்று ஒரு குரல். கட்டிலில் கிடந்தவர் டிவியையே பார்த்தார், பிறகு தலையைத் திருப்பிப் புருஷனைப் பார்த்தார். எனக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது. ஐயா தலையைக் குனிந்துகொண்டு என்னிடம் சொன்னார். "வாசல்ல நின்னுக்கிட்டு இவ்வளவு பேசாத, தொண்டை கட்டிக்கும்னு அன்னிக்கு இவளைத் திட்டினேம்மா."

கூத்தாநல்லூர் ஹாஜியார்

இதே செட்டிங்கைப் பற்றி நடுவில் எனக்கு ஒரு எச்சரிக்கை வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. கூத்தாநல்லூரில் ஒரு ஹாஜியார் வீட்டுக்கும் இப்படி ஒரு மிஷின் பூட்டிக் கொடுத்திருந்தேன். கலியபெருமாள் ஐயா வீட்டு வேலை முடிந்த சூட்டில், ரொம்பக் கெட்டிக்காரி மாதிரி, அங்கேயும் கேட்காமலே ரெண்டாவது வழியை வைத்து, கடைசியாகப் பார்த்தது தானாக ஓடும்படியும் செய்துவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிட்டார். போனேன். வீட்டில் பெண்கள் தொழுதுகொண்டிருக்கும்போது கரண்ட் வந்திருக்கிறது. யாரோ பார்த்துவிட்டு நிறுத்திய சினிமா பாட்டு முழுச் சத்தத்தில் ஆரம்பித்திருக்கிறது. ஹாஜியார் கோபப்படவில்லை. டீ கொடுத்தார். டெலீட்டைத் தட்டி நான் செட்டிங்கை மாற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே, அமைதியாக ஒன்று சொன்னார். "நல்ல மிஷின்தாம்மா. ஆனா வீட்ல யாரு இருக்கா, என்ன நேரம் நடக்குதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

இதைக் கேட்ட கையோடு நான் கொரடாச்சேரி பஸ்ஸைப் பிடித்திருக்கணும். பிடிக்கவில்லை.

பொத்தான் பேட்டரி

ஐப்பசியில் கலியபெருமாள் ஐயா போன் செய்தார். "ஆட்டோவா ஓடலைம்மா. பவர் பட்டனை அமுக்கினாலும் இங்கிலீஷ்ல என்னமோ எழுதிக்கிட்டு அப்படியே நிக்குது" என்றார். ஒரு காலேஜ் ஆர்டர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. நாளைக்கு வருகிறேன் என்றேன். நாளை போய் நாளன்னிக்கு ஆயிற்று. மூன்றாம் நாள்தான் போனேன். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

ஒன்றுமில்லை, மதர்போர்டில் பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். அது செத்தால் பயாஸில் வைத்ததெல்லாம் மறந்துபோகும். தேதியும் மறந்து, போர்டு பிறந்த வருஷத்துக்கே போய் நிற்கும். கடையில் வெகுநாள் கிடந்த போர்டு, தினமும் கரண்டும் போய்ப் போய் வந்ததில் அது சீக்கிரம் தீர்ந்திருந்தது. புதுசு போட்டு, பழையபடி எல்லாவற்றையும் வைத்தேன். பேட்டரி மாற்ற ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் மூன்று நாளாகப் படம் ஓடாததில் அந்தம்மாள் கஞ்சியைக்கூட ஒழுங்காகக் குடிக்கவில்லை, சுவரைப் பார்த்தே கிடந்தார் என்று ஐயா சொன்னார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

படம் ஓட ஆரம்பித்தது. பெட்டியை மூடிக்கொண்டு குனிந்திருந்தேன். டிவியில் "வாங்க வாங்க" என்று வந்தபோது பின்னாலிருந்து இன்னொரு சத்தம் வந்தது. திரும்பினேன். வசந்தா அம்மாளின் வாய் ஒரு பக்கமாகக் கோணி, கழுத்து நரம்பு புடைத்து, "வ்... வா" என்றது. ஒரு தடவைதான். கையில் இருந்த கஞ்சி டம்ளரை ஐயா எங்கே வைத்தார் என்று அவருக்கே தெரியாது. தாழ்வாரத்துக்கு ஓடினார், திரும்பி ஓடி வந்தார், போனை என் கையில் திணித்தார். "செந்திலுக்குப் போடும்மா, உடனே போடு, அவன் வேலையில இருந்தாலும் பரவால்ல, அம்மா 'வா'ன்னு சொல்லிட்டான்னு சொல்லு!"

யாரும் 'வாங்க' சொல்லாத வீடு

கார்த்திகையில் காற்றும் மழையுமாக இருந்த ஒரு நாள் அந்தம்மாள் இறந்துபோனார். ரெண்டாவது தடவை வாதம் வந்திருக்கிறது. அந்த 'வா'வுக்கு அப்புறம் இன்னொரு வார்த்தை வரவேயில்லை. மறுநாள் காலையில் பஸ் பிடித்துப் போனேன். மரம் விழுந்து லைன் அறுந்து ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. தெருவில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, ஹாலில் இருந்த ஐஸ் பெட்டிக்கு மட்டும். சிங்கப்பூரிலிருந்து செந்தில் வரணும் என்று காத்திருந்தார்கள்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, சாவு வீட்டில் யாரும் யாரையும் 'வாங்க' என்று கூப்பிட மாட்டார்கள். நாமாகப் போய் உட்காரணும், கிளம்பும்போது சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வரணும். அடுப்பும் எரியாது. நானும் சத்தமில்லாமல் போய்ப் பெண்களோடு உட்கார்ந்தேன். கவிதா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முந்தின நாளே, கரண்ட் போவதற்கு முன்னால், அவள் டிவியையும் கம்ப்யூட்டரையும் முறையாக அணைத்திருந்தாள். டிவி மேல் யாரோ ஒரு வேட்டியைப் போர்த்தியிருந்தார்கள். பிளக்கைப் பிடுங்கணும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டியவள் நான் ஒருத்திதான்.

பதினோரு மணி வாக்கில் மேலே ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. லைனில் கரண்ட் வந்துவிட்டது. அலமாரிக்குள்ளிருந்து அந்தச் சின்ன பீப் சத்தம் வந்தது. அவ்வளவு அழுகையில் அது என் காதில் மட்டும்தான் விழுந்தது. ஐயோ என்று எழுந்தேன். இன்னும் ஒரு நிமிஷம்தான் இருக்கிறது. பிளக் எதிர்ச் சுவரில். நடுவில் ஐஸ் பெட்டி, அதைச் சுற்றி நெருக்கமாகப் பெண்கள். தாண்டியும் போக முடியாது, தாண்டவும் கூடாது. "கொஞ்சம் வழி விடுங்க, வழி விடுங்க" என்று கெஞ்சுகிறேன், துக்கம் தாங்காமல் பெட்டியிடம் போகிறேன் என்று நினைத்து ரெண்டு பேர் என்னைக் கட்டிப் பிடித்து அழுகிறார்கள்.

வேட்டிக்குப் பின்னாலிருந்து கணீரென்று வந்தது. "வாங்க வாங்க, வெயில்ல வந்திருக்கீங்க, உள்ள வாங்க."

அழுகை அப்படியே நின்றுபோயிற்று. வாசலில் நுழைந்துகொண்டிருந்த ரெண்டு பேர் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்கள். "பந்தி போட்டாச்சு, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றது குரல். ஒரு பெரியவர், "யாருடா அது, அணைங்கடா முதல்ல!" என்று கத்தினார். கவிதா வாயைப் பொத்திக்கொண்டு, பதறி விலகியவர்களுக்கு நடுவே ஓடி சுவிட்சில் கையை வைத்தாள். அதற்குள் பந்தலிலிருந்து கலியபெருமாள் ஐயா உள்ளே வந்துவிட்டார். ராத்திரியெல்லாம் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று அவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேட்டி போர்த்திய டிவியைப் பார்த்து நின்றார். முகம் உடைந்துபோயிற்று. "விடும்மா கவிதா. ஒரு வருஷமா பேசாதவ பேசுறா, முழுசா பேசி முடிக்கட்டும்."

எவ்வளவு முன்னாடி?

ஒரு தடவை முழுசாக ஓடி முடிந்ததும் நான்தான் பிளக்கைப் பிடுங்கினேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன். சொல்லாமல் கொள்ளாமல் யாரும் ஓடிவிடக் கூடாது என்று அந்தம்மாள் சொன்னது பஸ்ஸில் திருவாரூர் வரைக்கும் என் காதிலேயே இருந்தது. மூன்றாவது வழியை வைத்திருந்தால் இது நடந்தே இருக்காது. கவிதா அணைத்தது அணைத்தபடியே கிடந்திருக்கும். இருபது வருஷத் தொழிலில் மிஷினை எரித்திருக்கிறேன், டிஸ்க்கைக் கெடுத்திருக்கிறேன். இந்த அளவுக்கு எதற்கும் தூக்கம் கெட்டதில்லை.

கருமாதி முடிந்து ரெண்டு நாள் கழித்து ஐயாவே கூப்பிட்டார். போனேன். கட்டிலைப் பின்கட்டுக்கு எடுத்துப் போட்டிருந்தார்கள். அது இருந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் சேர். பிளக் திரும்பச் செருகியிருந்தது. தினமும் பார்க்கிறார் என்று தெரிந்தது. "மன்னிச்சுக்குங்க ஐயா" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். "நீ என்னம்மா பண்ணுவ, நான் கேட்டதைத்தானே வெச்ச" என்றார். பிறகு, "நான் வயல்ல இருக்கிறப்ப இது பாட்டுக்கு ஓடுது. யாருமில்லாத வீட்டுல அவ தனியா வாங்க வாங்கன்னு கூப்பிட்டுக்கிட்டு நிக்கிறா. தெருவுல போறப்பவே கேக்குது. தாங்க முடியலை. அதை மாத்திக் குடு" என்றார்.

டெலீட்டைத் தட்டினேன். அந்த வரிக்கு வந்தேன். அவரும் சேரை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்றில் எது எது என்ன செய்யும் என்று மறுபடியும் சொல்லச் சொன்னார். சொன்னேன். முதல் வழி, அணைந்தே கிடக்கும். அதற்குத் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். ரெண்டாவது அவருக்கே தெரியும். மூன்றாவதுக்கு வந்து, "கரண்ட் போறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சோ, திரும்ப அப்படியே ஆயிடும் ஐயா" என்றேன். அவர் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இங்கிலீஷ் எழுத்தின் மேல் விரலை வைத்தார். என்னிடம் கேட்டாரா, அதனிடம் கேட்டாரா தெரியவில்லை. "முன்னாடின்னா... எவ்வளவு முன்னாடி வரைக்கும் போகும்மா?"

கடைசி நிமிஷத்தைத் தாண்டி ஒரு அடிகூடப் பின்னால் போகாது என்பது எனக்கு இருபது வருஷமாகத் தெரிந்திருந்தும், மூன்றாவதையே வைத்து எஃப்-டென் அமுக்கிச் சேமித்துவிட்டு, "போயிட்டு வர்றேங்க ஐயா" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லத் துப்பில்லாமல் வந்து சேர்ந்தேன்.